முந்திக்கொண்ட ‘நில்’

மெரின் பயந்தாங்கொள்ளி. பெர்த் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். வீட்டைப் பூட்டிய பிறகு, அடுப்பை அணைத்தோமா என்று மூன்று முறை திரும்பிப் போய்ப் பார்ப்பாள். தொலைவில் பில்பரா இரும்புச் சுரங்கத்தில் மண்பாதையைச் சமன்செய்யும் கிரேடர் வண்டி ஓட்டும் அவள் கணவன் ஃபெர்கஸ், எப்போது பேசினாலும் “அடுப்ப அணைச்சியா?” என்றுதான் ஆரம்பிப்பான். அவளும் சளைக்காமல் “அணைச்சாச்சு” என்பாள்.

அதே சுரங்கத்தில் ஆளில்லாமல் ஓடும் ராட்சத லாரிகளின் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் புரோகிராம் எழுதுவது அவள் வேலை. கேமரா படங்கள் வந்து குவிந்து, ‘நில்’, ‘போ’ என்ற உத்தரவுகள் பின்னால் காத்துக் கிடந்தன. பெட்டிக்குள் கணக்குப் போடும் மூளைகளாக நான்கு கோர்கள் இருந்தும் உழைத்தது ஒன்றுதான். வருவதை நான்குக்கும் பங்கு போட்டுக் கொடுத்தாள் மெரின். வேகம் மூன்று மடங்கானது. மேலாளர் ஹெய்டன் கேக் வாங்கி வந்தான்.

சோதனைத் திடலில் ஒரு லாரி, நின்று சற்று நேரம் கழித்துத் தானாக இரண்டு மீட்டர் நகர்ந்தது. “பிரேக் லூசு, விடு” என்றார்கள். கேக் தின்ற வாய்கள் வேறென்ன சொல்லும்? அவளுக்குத்தான் சோறு தண்ணி இறங்கவில்லை.

புது புரோகிராமைச் சுரங்கத்தில் ஓடவிட்ட முதல் நாள், காலை பத்து மணி. பெர்த்தில் அவள் திரையில் பதிவுகள் ஓடின. உத்தரவு எண் 812: நில். அதற்குப் பிறகு, 811: போ. 811 ஒரு கோரில் படக் குவியலுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ள, 812 காலியான கோர் வழியாக முந்திவிட்டது. நின்ற லாரி பழைய உத்தரவைப் புதிதென்று நம்பிக் கிளம்பிவிடும். வரிசை எண்ணைச் சரிபார்க்கும் வரியை அவள் எழுதவே இல்லை.

“எல்லாத்தையும் நிறுத்து, ஹெய்டன்.”

“மறுபடி ஆரம்பிச்சிட்டியா? போன மாசம் சோதனைலயே ரெண்டு தடவ சும்மா நிறுத்துன.”

எல்லா லாரிகளையும் நிறுத்தும் பட்டனை அவளே அமுக்கினாள். லாரிகள் நின்றன. அப்புறம்தான் உறைத்தது: அந்த ‘நில்’லும் அதே பெட்டி வழியாகத்தான் போயிருக்கிறது; பின்னால் மாட்டிய ஒரு பழைய ‘போ’ இனிமேலும் வந்து சேரலாம். லாரிகள் நின்றால் பாதையைச் சமன்செய்யக் கிரேடர் உள்ளே போவது அங்கே வழக்கம். ரேடியோவை எடுத்தாள்.

“ஃபெர்கஸ், லாரிக்கு முன்னாடி நிக்காத. வெளிய வா.”

“எல்லாம்தான் நின்னு போச்சே. அடுப்ப அணைச்சியா, அதச் சொல்லு.”

“இல்ல. அணைக்கல.”

சேர்ந்து வாழ்ந்த இத்தனை வருஷத்தில் அந்தப் பதிலை அவன் கேட்டதே இல்லை. ஏதோ விபரீதம் என்று புரிந்து, மறுபேச்சில்லாமல் கிரேடரைப் பின்னுக்கு எடுத்தான். எதிரே நின்ற லாரி தானாகக் கிளம்பி, அவன் நின்றிருந்த இடத்தைத் தாண்டிப் போய் நின்றது.



“மெரின்,” என்றான் ஃபெர்கஸ் ரேடியோவில். குரல் அவனுடையதாகவே இல்லை. “போய் அணைச்சிட்டு வா.”