ஜெய்தூன் அக்காவின் மூன்று தட்டுகள்

ஜெய்தூன் அக்காவின் நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து, வந்தவர்கள் கை கழுவிவிட்டுப் போய்விட்டார்கள். பிரியாணி நன்றாக இருந்ததாகப் பலரும் சொன்னார்கள். அக்கா கோழிக்கறி தின்றதில்லை, முட்டையும் தொட்டதில்லை. பக்கத்து வீட்டில் முட்டை பொரிக்கும் வாசனை வந்தாலே முக்காட்டு நுனியை மூக்கில் வைத்துக்கொள்வாள். அவள் பெயரில் ஓதிவிட்டுக் கோழி தின்றோம். நான் ஒரு கவளத்தோடு கை கழுவிவிட்டேன்.

அக்கா அருவருப்பு மிகுந்தவள். கழுவிய பாத்திரத்தையே சோறு வைக்கும் முன் இன்னொரு தரம் கழுவுவாள். பால் திரியப்போவது எங்களுக்குத் தெரிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே அவள் மூக்குக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவளை அத்தா தோல் ஷாப்பில் வேலை பார்த்த மீரானுக்குக் கட்டிக்கொடுத்தார். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய ஆட்டுத்தோலில் ஒட்டியிருக்கும் சதையை வளைகத்தியால் வழித்தெடுப்பது மச்சானின் வேலை. அவர் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் வாடை வந்துவிடும். அக்கா முற்றத்தில் வெந்நீரும் சீயக்காயும் வைத்திருப்பாள். பதினோரு வருஷம் அப்படி வைத்தாள். அவர் காதுபட ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிள்ளைகள் இல்லை.

மச்சான் 1959 தொடக்கத்தில் காய்ச்சலில் மவுத்தானார். அவர்கள் இருந்தது எங்கள் அத்தா விட்டுப்போன வீடு. பேகம்பூரில் ஒரு அறை, ஒரு அடுப்படி, கிணறு இல்லாத முற்றம். நாலு மாசம் பத்து நாள் துக்கம் காக்கும் இத்தா முடிந்ததும் எங்கள் மூத்தவர் அக்பர் அலி அண்ணன் ஒரு முடிவு செய்தார். அக்கா அவர் வீட்டுக்கு வந்து அவருடைய சோத்துக்கடையின் பின்கட்டில் ஒத்தாசை செய்வது. இந்த வீடு தம்பியான எனக்கு. நான் மதுரையில் பி.ஏ. முடித்து ஒரு ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். ரஜப் மாதம் நிக்காஹ் பேசியிருந்தார்கள். முடிவு எனக்கு நியாயமாகவே பட்டது.

“அங்க எனக்கு என்னண்ணே வேலை?” என்று கேட்டாள் அக்கா.

“வேலையா பெரிசு? கோழி உரிப்பாங்க, குடலைக் கழுவிக் கொடுக்கணும். மூணு வேளையும் சோறு இருக்கு.”

“குடலை நான் பாக்கவே மாட்டேண்ணே. அங்க வந்து கெடந்தா நான் ஒரு மாசம் தாங்க மாட்டேன்.”

“அப்ப எதை வச்சுப் பொழைப்ப?”

“ரஜப்பு வரைக்கும் விடுங்க. பொழைக்க முடியலேன்னா நானே பெட்டியைத் தூக்கிக்கிட்டு வாரேன்.”

அண்ணன் சிரித்தார். விட்டார்.

மச்சானின் சிநேகிதர் பாஸ்கல், கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். மாற்றலாகிப் போகும்போது, தானே அடித்த ஒரு மரப்பெட்டியை அக்காவிடம் விட்டுப்போனார். உள்ளே தகரத் தொட்டியில் தண்ணீர். பக்கவாட்டில் மண்ணெண்ணெய் விளக்கு. அதன் சூட்டில் தண்ணீர் காய, பெட்டிக்குள் கோழியின் வயிற்றுச் சூடு நிற்கும். பாதரசம் நூற்றிரண்டைத் தாண்டக்கூடாது. முட்டையை ஒரு நாளைக்கு ஐந்து தரமாவது திருப்பிவைக்க வேண்டும். இருபத்தோராம் நாள் குஞ்சு. பாஸ்கல் சொன்னது இவ்வளவுதான்.

ஐந்து தரம் என்றதும் அக்காவுக்கு லேசாகிவிட்டது. ஒவ்வொரு பாங்குக்கும் எழுந்து முதலில் முட்டைகளைத் திருப்பிவிட்டு, அப்புறம் கைகால் முகம் கழுவி ஒளு எடுத்துத் தொழுவாள். கடிகாரம் தேவைப்படவில்லை.

முட்டை எரியோடு என்ற ஊரிலிருந்து வந்தது. காய்கறிக்கூடையோடு பஸ்ஸில் வரும் ராமுத்தாயி என்ற, வெள்ளாமை செய்யும் சம்சாரி வீட்டுப் பெண், உமிக்குள் புதைத்து இருபது, இருபத்தைந்து முட்டை கொண்டுவருவாள். பொரித்த குஞ்சில் ஆளுக்குப் பாதி; தன் பாதியை அக்கா விற்றுவிடுவாள். கோழியை அடைக்கு உட்காரவிட்டால் அது முட்டையிடுவதை நிறுத்திவிடும். அக்காவின் பெட்டி அடை காத்தால் ஊரில் கோழி இட்டுக்கொண்டே இருக்கும். அதனால் ராமுத்தாயியைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று பெண்கள் கொடுத்தார்கள். மொத்தமாகச் சேர்த்து வைக்கலாம் என்றால் வெயிலில் ஒரு வாரத்துக்கு மேல் முட்டை தாங்காது. ஆகவே வாரம் ஒரு ஈடு. பெட்டிக்குள் மூன்று தட்டு. முதல் ஈட்டு முட்டையில் கரியால் ஒரு புள்ளி, அடுத்ததில் ஒரு கோடு, மூன்றாவதில் ஒரு வட்டம். மூன்றாவது தட்டு நிரம்பி ஒரு வாரம் போனால் முதல் தட்டு பொரிந்துவிடும். காலியான தட்டில் புது ஈடு ஏறும்.

ஆனியிலிருந்து புரட்டாசி வரை பிசகில்லை. வாரா வாரம் குஞ்சு. வாரம் ஒரு தடவை பார்த்துவர அண்ணன் என்னை அனுப்புவார். நான் வாசற்படியிலேயே நிற்பேன். குஞ்சு ஈரத்தோடு வரும்போது ஒரு கவிச்சி உண்டு. ஓட்டுக்குள் ரத்த இழை ஒட்டியிருக்கும். அக்கா அதையெல்லாம் ஒரு குச்சியால் தள்ளி, முறத்தில் வாங்கி, தெருக்கோடிக்குப் போய்க் கொட்டிவிட்டு வருவாள். திரும்பி வந்து முழங்கைவரை தேய்ப்பாள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. எரியோட்டுக் கோழிகள் சேற்றில் மிதித்துவந்து கூட்டில் உட்கார்ந்தன. வந்த முட்டையெல்லாம் சேறும் கோழிப்பீயுமாக வந்தது. அக்காவுக்கு இருந்தது ஒரே அறை. பெட்டிக்கு நாலடி தள்ளித்தான் தொழுகைப்பாய் விரிப்பாள். அந்த அசுத்தத்தை, நஜீஸை, அப்படியே உள்ளே வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஒவ்வொரு முட்டையையும் குடத்துத் தண்ணீரில் மூன்று தரம், விரலால் தேய்த்துக் கழுவினாள். துணியில் ஒற்றி, கரிக்கோடு போட்டு வைத்தாள். வெள்ளை வெளேரென்று இருந்ததைப் பார்த்து நான்கூட நன்றாக இருக்கிறது என்றேன். முட்டையைக் கழுவுகிற ஆள் ஒருத்தி இருப்பாள் என்று பாஸ்கல் நினைத்திருக்கவே மாட்டார்.

அப்படிக் கழுவிய முதல் ஈட்டுக்கு இருபத்தோராம் நாள். சாயங்காலத் தொழுகைக்கான அஸர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. நாலு குஞ்சு வெளியே வந்திருந்தன. ஒன்று பாதி ஓட்டுக்குள் கிடந்து கத்தியது. அக்கா அடுத்த தட்டைத் திருப்பக் கை நீட்டினாள். டப்பென்று ஒரு சத்தம்.

அந்த நாற்றத்தை எழுத எனக்கு வார்த்தை போதாது. சாக்கடை, செத்த எலி, தோல் ஷாப்புத் தொட்டி எதுவும் அதற்கு ஈடில்லை. கரும்பச்சையாக ஒரு கூழ் அவள் கை, கன்னம், முக்காடு, மூன்று தட்டு எல்லாவற்றிலும் தெறித்திருந்தது. பாதி வெளியே வந்த குஞ்சின் கண் மேலும் வழிந்தது. நான் முற்றத்துச் சாக்கடையில் வாந்தி எடுத்தேன். அக்கா எடுக்கவில்லை. கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள்.

தன் பங்குக் குஞ்சை வாங்க ராமுத்தாயி அப்போதுதான் வந்தாள்.

“என்ன பாயம்மா, வீட்டுக்குள்ள எதுவும் செத்துக் கெடக்கா?” என்றபடி எட்டிப் பார்த்தாள். “என் முட்டையா?”

“ஒன்னோடதுதான். இருபத்தாறுல அஞ்சுதான் தேறும் போலருக்கு.”

“நான் வீட்டுல போயி என்னன்னு சொல்ல? பாயம்மா பொரிச்சுத் தின்னுட்டாகன்னு சொல்லட்டா?”

“நான் முட்டை திங்க மாட்டேன், ராமுத்தாயி.”

“தின்னுருந்தாலும் பரவால்லையே. வயித்துக்குள்ளயாச்சும் போயிருக்கும்.” அவள் மூக்கைப் பொத்தவில்லை. கோடு போட்ட ஒரு முட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். “இதென்ன, பிள்ளை பல்லாட்டம் வெளுத்துக் கெடக்கு? நான் குடுக்கையில சேறால்ல இருந்துச்சு.”

“கழுவுனேன். மூணு தண்ணி.”

“பச்சத்தண்ணியிலயா?”

“ம்.”

ராமுத்தாயி பெட்டியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். “கோழி என்ன, முட்டைக்குக் குளிப்பாட்டி விட்டுட்டா மேல ஒக்காருது? முட்டை மேல மாவு கணக்கா ஒண்ணு இருக்கும் பாயம்மா. அதைத் தேச்சு எடுத்துட்டா அழுக்கு உள்ள எறங்கிரும். எல்லாத்தையுமா கழுவுனீக?”

எல்லாவற்றையும்தான். வாரம் ஒரு ஈடு வைத்ததில் வந்த வினை அது. முதல் தட்டில் செய்த தப்பு தெரிய இருபத்தோரு நாள் ஆனது. அதற்குள் மற்ற இரண்டு தட்டும் அதே தப்போடு ஏறிவிட்டன. தூக்கிப்போடவும் முடியாது. ஒன்றிரண்டில் உயிர் இருக்கலாம். மேற்கொண்டு இரண்டு வாரம் அக்கா அந்தப் பெட்டியோடு இருந்தாள். இன்னும் மூன்று முட்டை வெடித்தன. மற்ற பெண்கள் முட்டை தருவதை நிறுத்திவிட்டார்கள். ரஜப்புக்கு ஐந்து வாரம் இருந்தது. அண்ணன் வெள்ளையடிக்க ஆள் பேசிவிட்டார்.

ராமுத்தாயி மட்டும் வந்தாள். “ஒரு ஈடு தாரேன். கழுவாம, இருக்கிறது இருக்கிறபடி வைக்கிறதா இருந்தா. ஒங்களுக்கு ஆகாதுன்னா இப்பமே சொல்லிருங்க. எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

அக்கா கூடையைப் பார்த்தாள். பச்சையும் வெள்ளையுமாகக் காய்ந்த எச்சம், ஒட்டிய இறகு. ஒரு முட்டையின் மேல் செல்லு ஊர்ந்துகொண்டிருந்தது, கோழியின் உடம்பில் இருக்கும் பொடிப்பூச்சி.

“வச்சுட்டுப் போ” என்றாள்.

அறையைப் பெட்டிக்கு விட்டுவிட்டாள். தொழுகைப்பாயும் படுக்கையும் அடுப்படிக்குப் போயின. கால் நீட்டினால் அம்மி இடிக்கும். பெட்டியைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்து, மூன்று நாள் வெயிலில் போட்டு, அப்புறம் முட்டையை வைத்தாள். அதோடு இன்னொரு காரியமும் ஆரம்பித்தாள். திருப்புகிற ஒவ்வொரு தரமும் முட்டையை மூக்கில் வைத்து முகர்ந்தாள். கூமுட்டையாகப் போவது வெடிப்பதற்குப் பல நாள் முன்பே ஓட்டின் வழியாக லேசாகக் கசியும். வேறு யாருக்கும் அது தெரியாது, அவளுக்குத் தெரியும். நான் பார்த்திருக்கிறேன். எச்சம் காய்ந்த முட்டையை உதட்டுக்கு அருகே கொண்டுபோவாள், கண்ணை மூடி மூச்சு இழுப்பாள், வைப்பாள், அடுத்ததை எடுப்பாள். நடுவில் முற்றத்துக்கு ஓடி ஓங்கரித்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். ஒரு நாளைக்கு ஐந்து தரம். மறு வாரம் ராமுத்தாயி தன் ஊர்ப் பேச்சாயியின் முட்டையையும் கொண்டுவந்தாள். அதையும் முகர்ந்தாள்.

அண்ணன் தள்ளுவண்டியோடு வந்த அன்று ராமுத்தாயியின் ஈட்டுக்கு இருபத்தோராம் நாள். நானும் கூட வந்தேன்.

“பாத்திரத்தை எல்லாம் எடுத்து வெளிய வை” என்றார் அண்ணன், மூக்கைப் பொத்திய கைக்குட்டைக்குள்ளிருந்து.

“கதவை அகலத் தொறக்காதீங்கண்ணே. குஞ்சு வந்துக்கிட்டு இருக்கு. காத்துப் பட்டா ஓட்டுக்குள்ளயே ஒட்டிக்கிரும்.”

“இந்த நாத்தத்துல மனுசர் இருப்பாங்களா?”

“உங்க கடைப் பின்கட்டுல இருக்கிறாங்கள்ல.”

தட்டில் பத்தொன்பது முட்டை நின்றன. மூன்றை முகர்ந்து முன்பே எடுத்தெறிந்திருந்தாள். வெடித்தது ஒன்றுமில்லை. ராமுத்தாயி உள்ளே புகுந்து, ஈரக் குஞ்சுகளை மடியில் அள்ளிக்கொண்டே அண்ணனிடம் சொன்னாள்: “பாய், அடுத்த வாரம் பேச்சாயி குஞ்சு வாங்க வருவா. வீட்டைப் பூட்டிட்டீகன்னா ஒங்க கடைக்குத்தான் அனுப்பி வைப்பேன். அவ வாயி என்னை மாதிரி இருக்காது.”

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லுடா. வீடு ஒனக்குத்தானே.”

நான் அறையைப் பார்த்தேன். சுவரில் பழைய பச்சைத் தெறிப்பு சுண்ணாம்புக்கும் போகாமல் இருந்தது. எனக்கு வரப்போகிறவள் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் படுப்பதை நினைத்துப் பார்த்தேன். சட்டை நுனியை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

“எனக்கு இந்த வீடு வேணாம்ணே. அக்காவே இருக்கட்டும்.”

ஊரில் இதைப் பெரிதாகப் பேசினார்கள். படித்த பிள்ளை, அக்காவுக்காக வீட்டை விட்டுக்கொடுத்தான் என்று பள்ளிவாசலில் என் கையைப் பிடித்துச் சொன்னவர்கள் உண்டு. நான் மறுக்கவில்லை. ஒன்பது வருஷம் மறுக்கவில்லை. அவள் அந்த வீட்டிலேயே இருந்து, வாரம் ஒரு ஈடு பொரித்து, சாகும் வாரம்வரை முட்டை முகர்ந்தாள். நான் அந்த வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்ததில்லை.

அந்த ரஜப்பில் என் நிக்காஹ் முடிந்த மறுவாரம், அக்கா என் வாடகை வீட்டுக்கு ஒரு ஜோடி வளர்ந்த குஞ்சோடு வந்தாள். உள்ளே வரச் சொன்னேன். வாசலிலேயே நின்றாள்.

“நீ மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் விட்டுக் குடுத்த, தம்பி. எனக்குத் தெரியும்” என்றாள். “அதுனால என்ன. வீடு வீடுதானே.”

குஞ்சுகளை என் மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, அஸருக்கு முட்டை திருப்ப வேண்டும் என்று கிளம்பினாள்.