பேர் வெட்டிய தோட்டம்

பாடையை இறக்கி வைக்க இடமில்லை. தேயிலைத் தோட்டத்து வாசலில் மழைத்தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஓடியது. சுமந்து வந்தவர்கள் தோள் மாற்றிக்கொண்டு நிற்க, வேலாயி தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். பொம்பளை புதைகாட்டுக்கு வரக்கூடாது என்றவர்களை மீறித்தான் வந்திருந்தாள். பாடையில் கிடந்த அம்மா சண்முகவடிவு பெற்ற ஐந்தில் மிஞ்சியது அவள் ஒருத்திதான்.

"அப்பா பக்கத்துல ஒரு குழி எடம் குடுங்கய்யா. கடைசியா அம்மா கேட்டது அது ஒண்ணுதான்."

"பேரு வெட்டுன ஆளுக்குத் தோட்டத்துல ஏது எடம்? தொரைகிட்டக் கேக்குறேன். அதுவரைக்கும் அங்கிட்டு நில்லுங்க." குடையை விரித்துக்கொண்டு அவர் பங்களாப் பக்கம் ஏறினார்.

பேர் வெட்டியது நாற்பத்தெட்டாம் வருஷம். அதற்கு முந்தின வருஷம் அப்பா பழனியாண்டி தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் மலையில் சறுக்கி விழுந்து செத்தார். அடுத்த மாரியில் அம்மாவுக்குக் கை வீங்கிப்போய்ப் பறிக்கிற கொழுந்து குறைந்தது. வேலைக்கு ஆகாதவள் என்று தோட்டத்துப் பதிவிலிருந்து பேரை வெட்டினார்கள். லயத்தில் குடியிருந்த காம்பிராவைப் பூட்டிச் சட்டிபானையை வாசலில் எறிந்தார்கள். வேலாயிக்கு அப்போது பாவாடை வயசு. வீங்கிய கையால் அவளைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஆட்டுக்கல்லின் குழவியைத் தூக்கிக்கொண்டு, அம்மா கினிகத்தேனைக்கு இறங்கினாள்.

கொழும்பு ரோட்டோரம், பொடிமெனிக்கே என்ற சிங்கள அம்மாவின் நிலத்தில், தகரக் கொட்டகை போட்டாள். ஏற்றம் ஏறி வந்து இன்ஜின் சூடு ஆறட்டும் என்று நிறுத்துகிற லொறிக்காரர்களுக்குத் தோசையும் கட்டைச் சம்பலும் பால் விடாத சாயத்தண்ணியும். முதல் மாதம் ஈ ஓட்டினாள். பிறகு ஆட்டுக்கல் ஓயவில்லை. எதிர்க்கடை முதலாளி விலையைக் குறைத்தபோது அவள் குறைக்கவில்லை, தோசையைப் பெரிதாக்கினாள். ஒரு மழையில் மண்மேடு சரிந்து கடையை மூடியது. ஒப்பாரி வைத்த வேலாயியைப் பார்த்து, "அழுவுறதுன்னா தோண்டிக்கிட்டே அழு," என்றாள். தோசைக்கல்லைச் சேற்றிலிருந்து எடுத்து, கழுவி, அன்று மத்தியானமே அடுப்பு மூட்டினாள்.

தோட்டத்துக்கும் அவளுக்கும் பகை மூண்டது ஒரு ஸ்ட்ரைக்கின்போது. வேலை நின்றதும் தோட்டம் கொடுக்கும் அரிசியும் நின்றது. அம்மா அண்டா நிறையக் கஞ்சி காய்ச்சி லயத்துக்கு அனுப்பினாள். கண்டாக்கு கடைக்கே வந்து சத்தம் போட்டார்.

"இனிமே தோட்டத்துப் பக்கம் ஒன் தல தெரியக்கூடாது!"

அம்மா சட்டுவத்தைக் கீழே வைக்கவில்லை. "பசிச்ச புள்ளைக்குக் கஞ்சி ஊத்துறதுக்கும் ஒங்ககிட்டப் பேரு பதியணுங்களா?"

கடையிலிருந்த லொறிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பை அவர் மறக்கவில்லை என்பது இன்று அவர் திரும்பி வந்த நடையிலேயே வேலாயிக்குத் தெரிந்தது.

"தொர முடியாதுன்னுட்டாங்க. பொணத்தத் திருப்புங்க."

மழைக்கு ஒதுங்கி நின்ற லயத்துச் சனங்களிலிருந்து இராமையா மண்வெட்டியோடு வெளியே வந்தார். அப்பாவோடு கவ்வாத்து வெட்டியவர். அந்தக் கஞ்சியில் பிள்ளை வளர்த்தவர்.

"நான் குழி வெட்டுறேன் ஆத்தா. எவன் தடுக்குறான்னு பாப்போம்."

"வெட்டு. நாளைக்குக் காலையில பெரட்டுல பேரு கூப்புடுறப்ப ஒன் பேரு இருக்காது. ஒன் மகன் பேரும் இருக்காது," என்றார் கண்டாக்கு.

இராமையா ஒருமுறை லயத்தைத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் அவர் நகரவில்லை. அவர் பின்னால் மருமகள் கைப்பிள்ளையோடு நின்றாள்.

வேலாயி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மா அப்பாவின் பக்கத்தில் படுப்பாள். ஆனால் வேலாயி மண்வெட்டியைப் பிடித்து வாங்கிக் கீழே போட்டாள்.

"வேணாம் மாமா. ஒங்கள நடுரோட்டுல விட்டுட்டுப் படுக்க அம்மா சம்மதிக்காது."

பாடை திரும்பியது. தப்பு அடித்தவர்களும் அடிக்க மறந்து நடந்தார்கள். கினிகத்தேனை ஊர் மயானத்திலும் தோட்டத்து ஆளுக்கு இடமில்லை என்றார்கள். கடைக்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது பொடிமெனிக்கே குடையில்லாமல் வந்தாள். தன் தம்பிமார் முறைத்துக்கொண்டு நிற்பதைச் சட்டை செய்யாமல், பின்பக்கம் பலாமரத்தடியைக் கைகாட்டி, "இங்கே வையுங்கள். என் நிலம்," என்று சிங்களத்தில் சொன்னாள். பெய்த மழையில் குழியில் தண்ணீர் ஊறியது. இறைத்துவிட்டு இறக்கினார்கள்.

இருட்டும் நேரத்தில் வேலாயியின் புருஷன் செல்லசாமி மெதுவாகப் பேச்சை எடுத்தான். இந்தியாவுக்குப் போகப் பதிந்திருந்தான். இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைக்காதவர்களுக்கு வேறு வழி இல்லை என்பது அவன் முடிவு. சாகும்வரை அம்மா மறுத்து வந்தாள். போய்விடுவோம் என்று அவளோடு மல்லுக்கு நின்றது வேலாயியேதான்.

"அடுத்தவங்க நெலத்துல அம்மாவக் கெடத்திட்டு நான் எப்புடி வாறது?" என்றாள்.

"நாம இருக்குறதும் அடுத்தவங்க நெலந்தான புள்ள."

மழை வலுத்து மேட்டுத் தண்ணீர் பின்பக்கம் இறங்கும் சத்தம் கேட்டது. வேலாயி எழுந்து போய்க் கடை முகப்பில் மழைக்குக் கட்டியிருந்த தார்ப்பாய்ப் படங்கை அவிழ்த்தாள். "கட நனையுமே," என்றான் செல்லசாமி. காதில் வாங்காமல் அதை இழுத்துக்கொண்டு போய், கரையத் தொடங்கியிருந்த அம்மாவின் குழிமேட்டு மண்மேல் விரித்து, காற்று தூக்காதபடி ஓரங்களில் கல் வைத்தாள்.