செம்போத்து குடியிருக்கும் மூலை

காலையில் பூங்காவுக்குள் கேமராவோடு நுழைந்தால் ஆளாளுக்கு ஒரு கேள்வி கேட்பார்கள். "குருவியப் படம் புடிச்சு என்ன செய்யப் போறீங்க?" "கல்யாண ஆர்டர் எடுக்கலாம்ல?" ஆரம்பத்தில் சிரித்துவைத்தேன். பிறகு, "நீங்க இம்புட்டு நடந்து எந்த ஊருக்குப் போகப் போறீங்க?" என்று திருப்பிக் கேட்டேன். கேள்விகள் குறைந்தன.

பழங்காநத்தத்தில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். பகல் முழுக்கக் குனிந்தே கிடக்கும் கழுத்து இது. காலையில் கொஞ்ச நேரம் அதை நிமிர்த்தி மரத்தைப் பார்க்க எனக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

மாசியில் எங்கள் பூங்கா நன்றாக இருக்கும். பனி இன்னும் முழுசாக விட்டிருக்காது. வெயில் ஏறினால் சுள்ளென்று அடிக்கும். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற வெளிச்சத்துக்காகத்தான் வீட்டு வேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். கம்பியில் பஞ்சுருட்டான்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கொண்டை விரித்த கொண்டலாத்தி புல்லைக் கொத்திக்கொண்டிருக்கும். ஒரு கீரி நடைபாதையைத் தன் பட்டா நிலம் போலக் கடந்து போகும். இவையெல்லாம் படத்தில் மாட்டின. மாட்டாதது செம்போத்து மட்டும்தான். காக்கை அளவு உடம்பு, செங்கல் நிற இறக்கை, ரத்தச் சிவப்பில் கண். கிழக்கு மூலையில் நொச்சியும் உன்னிச்செடியும் கோவைக்கொடியும் பின்னிக் கிடக்கும் புதரில்தான் அதன் குடித்தனம். அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்குக் கிடைத்தது வால். ரொம்ப அதிர்ஷ்டம் என்றால் இலைக்குப் பின்னால் பாதி முதுகு.

ஒரு வழியாக ஒரு காலையில் அது வெளியே வந்தது. வாயில் ஓணானோடு வெறும் மண்ணில் நின்று என்னையே பார்த்தது. அமுக்கினேன். முழுப் பறவை, கண்ணில் வெளிச்சப் புள்ளிகூட விழுந்திருந்தது. சின்னப்பிள்ளை மாதிரி நின்ற இடத்திலேயே குதித்தேன்.

அன்றைக்கென்று பார்த்து நடைப்பயிற்சிச் சங்கத் தலைவர் எல்லாரையும் கூட்டினார். அவர் பாத்திரக்கடைக்காரர். கிழக்கு மூலைப் புதரை வழித்துவிட்டு, ஜனங்கள் செல்ஃபி எடுத்துக்கொள்ள இதயம் போட்ட பெரிய பலகை ஒன்றைத் தன் செலவில் நிறுத்தப் போகிறாராம். ஞாயிற்றுக்கிழமை ஜேசிபி வருகிறது.

"அங்க செம்போத்து இருக்குண்ணே," என்றேன்.

"பாம்பும் இருக்கும்மா."

"பாம்ப யாரு பாத்தா?"

"கடிச்ச பெறகு பாக்கவா?"

கூட்டம் சிரித்தது. செம்போத்து கண்ணில் படுவது நல்ல சகுனம், அதை விரட்ட வேண்டாம் என்று ஒரு அக்கா மட்டும் இழுத்தார். "இந்தக் காலத்துலயும் சகுனமாக்கா?" என்று தலைவர் அவர் வாயை அடைத்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கடைக்கு வந்து, கேமராவின் சின்னத் திரையிலேயே அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எடுக்கும்போது கண் பறவையிலேயே இருந்ததால் கவனிக்காத ஒன்று இப்போது தெரிந்தது. பின்னால் தள்ளி, புதரின் ஓரத்தில், ஓர் ஆள் செருப்பைக் கழற்றிவிட்டுச் செம்போத்தைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறார். கொஞ்சம் மங்கல்தான். ஆனாலும் அந்தத் தொந்தியும் சிவப்புத் தொப்பியும் தலைவருடையவை என்று பூங்காவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

படத்தை வைத்து மிரட்டும் எண்ணம் எனக்கு இருந்ததா என்றால், இருந்தது. மறுநாள் காலையில் அவரைத் தனியாக மடக்கித் திரையை நீட்டினேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"இது கண்ணுல படாட்டி எனக்குக் கடை ஷட்டரத் தூக்கக் கை வராதும்மா. போன வாரம் வெயில் ஏறுற வரைக்கும் நின்னேன். வேலையாளுக வாசல்ல காத்துக் கெடந்தாக. வெளிய சொல்ல முடியுமா? பொதரே இல்லேன்னா இந்தப் பித்தும் போயிரும்னு நெனச்சேன்."

பாவமாக இருந்தது. ஆனால் கோபம் அதைவிட வேகமாக வந்தது. "உங்க பயம் உங்க நெஞ்சுக்குள்ள இருக்குண்ணே. அதுக்குச் செம்போத்தோட வீட்ட எதுக்கு இடிக்கிறீக? நாளைக்கு வேற ஒண்ணப் பாத்துக் கும்பிடுவீக. அதையும் வெட்டுவீகளா?"

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "அந்தப் படத்த அழிச்சிரும்மா. பலகைய வாசப் பக்கம் வச்சுக்கிறேன்," என்றார்.

அவரை மட்டும் நீக்கிவிட்டுப் பறவையை வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். ஒரு குளிர்காலம் முழுக்க நான் கால்கடுக்க நின்று வாங்கிய படம். அவர் கண் முன்னாலேயே அழித்தேன்.

பலகை இப்போது வாசலருகே நிற்கிறது. இதயத்துக்கு நடுவில் நின்று ஆளாளுக்குப் பல்லைக் காட்டுகிறார்கள். "அம்புட்டுச் சண்டை போட்டீங்களே, செம்போத்துப் படம் எங்க?" என்று என்னைக் கேட்கிறார்கள். இல்லை என்கிறேன், காரணம் சொல்வதில்லை. வெட்டி வீறாப்பு என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். தினமும் அதே மூலையில் போய் நிற்கிறேன். மறுபடியும் வால்தான் கிடைக்கிறது. முழுசாக அது வெளியே வருகிற அன்றைக்கு வரட்டும். வராவிட்டாலும் நான் அங்கிருந்து நகர்வதாக இல்லை.