ஜெர்மன் சம்பந்தியும் ஆறிய இடியப்பமும்

போன சனிக்கிழமை லண்டனில் எங்கள் ஹரோ வீட்டுக்கு ஜெர்மனியே வந்துவிட்டது!

மகள் அபி கட்டிக்கொள்ள விரும்பும் லூக்காஸின் அப்பாவும் அம்மாவும்தான். ஹாம்பர்க்கிலிருந்து முதல் முறையாக எங்களைப் பார்க்க வந்தார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அபி ஒரு வாரமாக எனக்கு ஜெர்மன் பழக்கவழக்கங்களில் டிரெய்னிங் கொடுத்திருந்தாள். கிளாஸை உயர்த்தினால் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். இரண்டு கையும் மேசைக்கு மேலே தெரிய வேண்டும். எல்லாம் பாடமாக்கி வைத்திருந்தேன்.

ஏழு மணி என்றோம். ஏழுக்கே பெல் அடித்தது. நம் ஆட்கள் என்றால் எட்டரை! ஆனால் அபியும் லூக்காஸும் ரயில் தாமதத்தில் மாட்டிக்கொண்டார்கள். எங்களைத் தொடங்கச் சொல்லிவிட்டார்கள்.

இடியப்பம், சொதி, ஆட்டிறைச்சிக் கறி... ஆவி பறக்கப் பரிமாறிவிட்டு, மனைவி சாந்தி வழக்கம்போலப் பக்கத்தில் நின்றாள். ‘சாப்பிடுங்கள்’ என்றேன். சிரித்தார்கள். தொடவில்லை. மறுபடியும் சொன்னேன். மறுபடியும் சிரிப்பு!

பத்து நிமிடம்... கறி ஆறிக்கொண்டிருந்தது. சாந்தி என்னைக் குசினிக்குள் இழுத்தாள். கண் கலங்கியிருந்தது.

“இஞ்சருங்கோ, அவைக்கு எங்கட சாப்பாடு பிடிக்கேல்லை. இந்தச் சம்பந்தம் சரிவராது.”

பதறிப்போய் அபிக்கு போன் போட்டேன். ஸ்பீக்கரில் அவள் கேட்ட முதல் கேள்வியே, அம்மா உட்கார்ந்திருக்கிறாவா நிற்கிறாவா என்பதுதான்.

“அம்மா, நீங்கள் இருந்து முதல் வாய் வைக்கோணும். அதுவரைக்கும் அவை தொடமாட்டினம். அது அவையின்ர மரியாதை.”

“விருந்தாளிக்கு முந்தி நான் எப்படிப் பிள்ளை சாப்பிடுறது?”

மனமில்லாமல் வந்து உட்கார்ந்தாள். ஒரு துண்டு இடியப்பத்தைச் சொதியில் தோய்த்து வாயில் வைத்தாள். அவ்வளவுதான்! ‘குட்டன் அப்பெடீட்’ என்று இருவரும் ஒரே குரலில் வாழ்த்திவிட்டு ஒரு வெட்டு வெட்டத் தொடங்கினார்கள். நாலாவது இடியப்பத்தில் லூக்காஸின் அம்மா, கல்யாணத்தை எந்த மாதம் வைக்கலாம் என்று கேட்டார். துள்ளிக் குதிக்காத குறை எனக்கு!

அப்போதுதான் சாந்தியைப் பார்த்தேன். சிரித்துக் கதைத்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வருடமாக எத்தனை விருந்து! ‘நீயும் இரு’ என்று ஒரு நாளாவது நான் சொன்னதுண்டா? வெட்கமாகத்தான் இருந்தது.

அவர்கள் போனதும் சாந்தி அறிவித்தாள்:

“இனி ஆர் வந்தாலும் நானும் இருந்துதான் சாப்பிடுவன்.”

வரும் ஞாயிறு மோர்டனிலிருந்து அண்ணை குடும்பம் வருகிறது. பரிமாறப் போவது — அடியேன்!