நடு ஆறு டிவிஷன் எங்க போச்சு

இன்னிக்குக் காலையில சின்னக்கானல்ல இருந்து மூணாறு போற பஸ்ல லேப்டாப்ப மடியில தொறந்து வச்சுக்கிட்டுதான் உக்காந்திருந்தேன். பதினோரு மணிக்கு என் ஆராய்ச்சி கைடுகிட்ட ரிசல்ட் காட்டணும்.

தேயிலைக் கொப்புள நோய் பத்தின வேலை. எங்க தேயிலை எஸ்டேட்டோட நாலு டிவிஷன்ல எல சேகரிச்சேன். எங்க நடு ஆறு டிவிஷன் எல பூரா, கொழுந்து எடுக்குற எங்கம்மா மழையில அட்டைக்கடி வாங்கிப் பறிச்சுத் தந்தது.

மாத்திரை வாங்கக் கூட வந்த அம்மா, டிவிஷனுக்கு ஒரு பெட்டின்னு லேப்டாப்ல நான் போட்டிருந்த வரைபடத்த எட்டிப் பாத்துச்சு.

"மூணு பெட்டிதான இருக்கு. நம்ம டிவிஷன் எங்கடி?"

எண்ணிப் பாத்தேன். மூணுதான்.

டிபார்ட்மெண்ட் மென்பொருள் லைசன்ஸ் முடிஞ்சதால நான் இலவசமா கிடைக்கிற ஆர் (R)-ங்கிற மென்பொருள்லதான் கணக்குப் பாக்குறேன். ஓசியில வந்ததுதான் எலயத் தின்னுருச்சோன்னு பயம். சிக்னல் கிடைச்ச வளைவுல, தரவுல பத்து வரிய ஆர் உதவிக் குழுவுல போட்டுக் கேட்டேன்.

அடுத்த வளைவுக்குள்ள முகம் தெரியாத ஒருத்தர் பதில் போட்டார். "நடு ஆறு டிவிஷன் பேர என்.ஏ. (NA)ன்னு சுருக்கியிருக்கீங்க. ஆர்-க்கு என்.ஏ.ன்னா 'தகவல் இல்ல'ன்னு அர்த்தம்."

எஸ்டேட் மஸ்டர்ல, அதான் ஆள் வருகைப் பதிவேட்டுல, நடு ஆறுக்கு எப்பவும் என்.ஏ.தான். அதையே நானும் எழுதித் தொலைச்சிருக்கேன்.

அவர் சொன்னபடி கோட்ல ஒரு வரிய மாத்தினேன். நாலாவது பெட்டி வந்துச்சு. காசு கட்டின மென்பொருள்காரங்க இவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னதே இல்ல.

"இப்ப நாம இருக்கமா?"ன்னு அம்மா கேட்டுச்சு.

இருக்கோம். ஆனா இன்னும் எந்தெந்த லிஸ்ட்ல 'இல்ல'ன்னு கிடக்கோமோ தெரியல. அங்க எந்த வரிய மாத்தணும்னு தெரிஞ்சவங்க கமெண்ட்ல சொல்லுங்க.