அத்தான் கொளுத்திய மெழுகுதிரிகள்

என் அத்தான் சவிரிமுத்துவைப் போல ஒரு பக்திமான் மொன்றியலிலேயே கிடையாது. டவுன்டவுன் உணவகத்தில் காலமெல்லாம் கோப்பை கழுவி ஓய்வுபெற்ற மனுசன், சனிக்கிழமை விடிந்தால் வில்லரே பகுதியிலுள்ள தன் வீட்டில் நிற்கமாட்டார். லோக்கல் ரயில், அது போகாத இடத்துக்கு பஸ். ஆற்றங்கரை ஊர் ஒன்று மிச்சமில்லை. ஊரூராகக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தி, மகள் றொஷினிக்குப் பிள்ளை வரம் கேட்கிறாராம்.

மெழுகுதிரி அவர் மனைவி, என் சிசிலி அக்கா கொடுத்துவிடுவது. மடு மாதா படம் ஒட்டி, பாதரிடம் மந்திரித்து வாங்கியது.

அந்த ஊர்களில் கோயிலுக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய பப் இருக்கும். அத்தானின் கால் எந்தப் பக்கம் திரும்பும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. மனுசனுக்கென்று மிஞ்சியது அந்தச் சனிக்கிழமை ஒன்றுதான்.

கடைசியில் றொஷினி உண்டானாள். வந்தது வினை.

"மாதாவுக்கு நன்றி சொல்ல நானும் வாறன்" என்று அக்கா வெளிக்கிட்டாள்.

"உமக்குக் கால் ஏலாதெல்லே, சிசிலி. குளிர் வேற."

"மாதாவிட்டப் போகக் குளிர் பாக்கிறதோ?"

அக்கா என்னையும் இழுத்துக்கொள்ள, அத்தான் அடிக்கடி போகும் ஆற்றங்கரை ஊரான சென்ட் ஆனில் மூவரும் போய் இறங்கினோம். கோயில் கதவில் பெரிய பூட்டு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும்தான் திறப்பார்களாம்.

"அப்ப சனிக்கிழமையில நீங்கள் எப்பிடி உள்ளுக்குப் போனனீங்கள்?"

அத்தான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் அக்காவுக்குக் குளிரில் அவசரம் வந்துவிட்டது. திறந்திருந்தது பப் மட்டும்தான்.

"போன்ஜூர், சாவி!" உள்ளே இருந்த கிழவர்கள் எல்லோரும் அத்தானைப் பார்த்துக் கையைத் தூக்கினார்கள். சவிரிமுத்து அங்கே சாவியாகியிருந்தார். மேசைக்கு மேசை, பியர் கிளாசுகளுக்கு நடுவில், மடு மாதா மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது.

மனுசன் துலைஞ்சார் என்று நினைத்தேன். அக்கா வாய் திறக்குமுன் பரிமாறுகிற பெண் ஓடிவந்தாள்.

"மகளுக்குப் பிள்ளை தங்கினதோ?" என்று பிரெஞ்சில் கேட்டாள். "திரி கொளுத்தி றொஷினிக்காகச் செபிக்காமல் ஒருத்தரும் கிளாசைத் தொடக்கூடாது எண்டு சாவி சட்டம் போட்டவர்."

அக்கா மெல்லத் தலையாட்டினாள். கிழவர்கள் மேசையைத் தட்டி ஆரவாரித்தார்கள். ஒருவர் அழுதேவிட்டார். அக்காவும் கதிரையில் இருந்து கண்ணைத் துடைத்தாள். அத்தான் தப்பிய சந்தோசத்தில் தன் வழக்கமான இடத்தில் போய்ச் சாய்ந்தார்.

"இஞ்சேருங்கோ, இவ்வளவு சனம் செபிக்கிற இடம்" என்றாள் அக்கா. "பிள்ளை சுகமாப் பிறக்குமட்டும் ஒவ்வொரு சனியும் நானும் வாறன். அதுமட்டும் நீங்கள் குடிக்கிறேல்ல எண்டு இப்பவே நேர்த்தி வைச்சிட்டன்."

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு மூன்று தோடம்பழச் சாறு கொண்டுவரச் சொன்னாள். மூன்றாவது எனக்கு.