போனட் மேல் இரண்டு தட்டு

இது கட்டிவிட்ட கதையில்லை. எனக்கு நடந்தது. வெளியே சொல்ல வெட்கப்பட்டுத்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் அன்புசெல்வன். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் கார் மெக்கானிக். இன்ஜினில் சத்தம் என்றால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதிப்பார். மற்றவர் நீள ஸ்க்ரூடிரைவரை இன்ஜின் மேல் ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்பார். கத்தினால் உள்ளே கேட்காது. அதனால் போனட்டைத் தட்டுவோம். ஒரு தட்டு, இன்னும் மிதி. இரண்டு தட்டு, நிறுத்து. பத்து வருடம் எனக்குத் தட்டியவர் ஆதிகேசவன் அண்ணன். விரலில் செப்பு மோதிரம். டிங் என்று விழும்.

போன தை மாதம் ஒரு வெள்ளைக் காருக்கு ஆயில் மாற்றிவிட்டு அடி போல்ட்டை முறுக்க மறந்தேன். நான்தான் மறந்தேன். ஆயில் ஒழுகி இன்ஜின் ஜாம் ஆனது. முதலாளி கேட்டபோது அண்ணனைக் கை காட்டினேன். அண்ணன் என்னைப் பார்த்தார். அன்றே கிளம்பிப் போய்ப் பொன்னேரியில் தனியாக ஷெட் போட்டார். சே, நானெல்லாம் ஒரு மனுஷன்!

ஆடி மாதம். செவ்வாய்க்கிழமை. மதியம் 3.40. அதே வெள்ளைக் கார் வந்தது. கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் சுமலதா மேடத்தின் கார்.

“இன்னாமோ தட்டுது அன்பு. காலையில நல்லாத்தான் இருந்துச்சி. இப்பதான்... பத்து நிமிஷமா.”

அவரையே மிதிக்கச் சொன்னேன். ஸ்க்ரூடிரைவரில் காதை வைத்தேன்.

டிங்... டிங்.

கொஞ்சம் இடைவெளி.

டிங்... டிங்.

ஸ்க்ரூடிரைவரிலிருந்து காதை எடுத்தேன். “ஆஃப் பண்ணுங்க மேடம்.”

3.46. இன்ஜின் நின்றது. சத்தம் நிற்கவில்லை.

“ஆஃப் பண்ட்டேன்பா... இன்னா இது?” சாவியைத் தூக்கிக் காட்டினார்.

மல்லாந்து காருக்கு அடியில் போனேன். இன்ஜினின் அடித்தகடு என் முகத்துக்கு மேலே அதிர்ந்தது. அங்கே யாரும் இல்லை.

டிங்... டிங். நிறுத்து. நிறுத்து.

வெளியே வந்து போனை எடுத்தேன். அண்ணன் நம்பர் இருந்தது. ஆறு மாதமாகப் பேசவில்லை. எந்த முகத்தோடு பேசுவது? வெட்கம் பிடுங்கித் தின்றது. போனைப் பைக்குள் போட்டேன்.

“ஒண்ணுமில்ல மேடம். டேப்பட் சத்தம், வால்வு கொஞ்சம் லூஸ்.”

பொய்.

3.58. தட்டு மெலிந்தது.

டிங்...

ஒன்றுதான்.

அப்புறம் எதுவுமே இல்லை.

சாயங்காலம் சேதி வந்தது. அண்ணன் தன் ஷெட்டில் ஒரு காரை ஸ்டார்ட்டிலேயே வைத்து, அடியில் படுத்துச் சத்தம் பார்த்திருக்கிறார். ஜாக் நழுவி, கார் நெஞ்சின் மேல் இறங்கியிருக்கிறது. இன்ஜின் இரைச்சலில் அவர் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. அந்தக் காரின் அடித்தகட்டில் மோதிரம் பட்ட தழும்புகள். இரண்டு இரண்டாக. கடைசியில் ஒன்று மட்டும்.

பதினாறாம் நாள் அவர் மனைவி பிரேமா அண்ணி என்னிடம் சொன்னார்.

“அவரு போனு பக்கத்து டீக்கடையில சார்ஜ்ல இருந்துச்சி நைனா. யார்னா ஒரு தபா கூப்ட்டிருந்தா, டீக்கடைக்காரரு எடுத்துக்கினு உள்ள போயிருப்பாரு. பாத்திருப்பாரு. அன்னிக்கு மதியானம்... ஒரு போன்கூட வர்ல.”